செம்புக் கோடுகள் – 7: டேப் வந்தது, காகிதம் வரவில்லை

பிளெஸ்ஸி நிறுவனம் பால் ஐஸ்லரைத் திருப்பி அனுப்பிய இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். வியன்னாவில் 1907ல் பிறந்த யூதர் அவர். காலம் கெட்டுவருவதைப் பார்த்து 1936ல் இலண்டனுக்கு வந்து சேர்ந்தார். கம்பிகளை ஒவ்வொன்றாகப் பற்றவைக்காமல், பலகையில் பதித்த செம்புக் கோடுகளைக் கொண்டே ஒரு ரேடியோவைப் பாடவைத்துக் காட்டினார். பிளெஸ்ஸி சொன்ன பதில் சுருக்கமானது. அந்த வேலைக்குத்தான் பெண்கள் இருக்கிறார்களே! கூலியும் குறைவு, எந்த வேலைக்கும் மாற்றிக்கொள்ளலாம். உங்கள் பலகை எதற்கு?

அந்தக் கூலிக் கணக்கு இலண்டனோடு முடியவில்லை. 1971ல் மலேசியா சுதந்திர வாணிப வட்டாரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பினாங்கில் பாயான் லெப்பாஸ், சிலாங்கூரில் சுங்கை வே என்று வட்டாரங்கள் முளைத்தன. வெளிநாட்டு முதலாளிகளுக்காக அரசு தயாரித்த விளம்பர ஏடு, கீழைநாட்டுப் பெண்களின் சின்னக் கைகளையும் வேகத்தையும் கவனத்தையும் புகழ்ந்து கூவியது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பிளெஸ்ஸி போட்ட அதே கணக்கு, அதே பெண்கள். ஊர் மட்டும் வேறு. சிலாங்கூரின் காப்பாரிலும் மேருவிலும் பால்மரம் சீவிய தாய்மாரின் பெண்கள் கருக்கலில் கம்பெனி பஸ் ஏறினார்கள். மினா காரான், அதாவது கரண்டுப் பெண் என்று ஊர் கேலி பேசியது. அந்தச் சம்பளத்தில்தான் பல வீடுகளில் தம்பி தங்கைகள் பள்ளிக்கூடம் போனார்கள் என்பதை ஊர் பேசவில்லை.

அவர்கள் கையில் வந்து விழுந்த பலகையில் கோடுகள் ஏற்கெனவே இருந்தன. எங்கோ ஒரு பொறியாளர் வரைந்தது, இன்னொரு நாட்டு இயந்திரத்துக்கு எப்படிப் புரிந்தது? வரைந்தவருக்கும் செய்பவருக்கும் இடையே தூது போனது யார்?

அதற்கு விடை சொன்னவரும் ஒரு வியன்னாக்காரர்தான்.

ஹைன்ஸ் ஜோசப் கெர்பர் 1924 ஏப்ரலில் பிறந்தார். 1938 மார்ச்சில் ஜெர்மன் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தபோது அவருக்கு வயது 13. 1940ல் தாயுடன் அமெரிக்காவுக்குத் தப்பினார். தகப்பனார் தப்பவில்லை, நாஜிகள் கொன்ற இலட்சக்கணக்கானோரில் அவரும் ஒருவர். கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்ட் நகரில் குடியேறிய பையன், ரென்சலேர் பாலிடெக்னிக்கில் விமானப் பொறியியல் படிக்கச் சேர்ந்தான்.

அங்கே வரைபடங்களைப் படிப்பதே பெரும்பாடு. வளைகோட்டில் ஒரு புள்ளி இரண்டு அளவுகளுக்கு நடுவே விழுந்தால், அதன் மதிப்பை ஒவ்வொரு முறையும் கணக்குப்போட்டுக் கண்டுபிடிக்கவேண்டும். கெர்பர் தன் பைஜாமாவின் இடுப்பு எலாஸ்டிக்கை வெட்டி எடுத்தார். அதில் சம இடைவெளியில் கோடுகள் போட்டார். இழுத்தால் இடைவெளிகள் எல்லாம் ஒரே விகிதத்தில் அகலும். எந்த அளவுக்கும் பொருந்தும் அடிக்கோல் தயார். பிறகு எலாஸ்டிக்குக்குப் பதிலாக ஸ்பிரிங் வந்தது. அதை விற்க 1948ல் கம்பெனி பிறந்தது. முதலீடு 3,000 டாலர். சாகும்போது அறுநூறுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளும் அமெரிக்க அதிபர் தரும் தேசியத் தொழில்நுட்பப் பதக்கமும் அவர் பெயரில் இருந்தன. எல்லாவற்றுக்கும் பிள்ளையார் சுழி அந்தப் பைஜாமா.

நம் கதைக்கு வேண்டியது அவருடைய இன்னொரு இயந்திரம். அதற்குமுன், அது வராத காலத்தில் ஒரு பலகையை எப்படி வரைந்தார்கள் என்று பார்த்துவிடுவோம்.

கத்தியும் ஒட்டுநாடாவும்தான் கருவிகள். அடியில் விளக்கு எரியும் மேசைமேல் மைலார் தாளை விரிப்பார்கள். கோடு போகவேண்டிய இடத்தில் கறுப்பு நாடா. பாகத்தின் கால் நுழையும் இடத்தில் நடுவில் ஓட்டையுள்ள வட்ட ஒட்டி. நிஜ அளவைப்போல இரண்டு மடங்கு, நான்கு மடங்கு பெரிதாக ஒட்டிவிட்டு, கேமராவில் சிறிதாக்கிப் படம் பிடிப்பார்கள். இரண்டு பக்கப் பலகை என்றால் ஒரே தாளில் மேல் பக்கத்துக்குச் சிவப்பு நாடா, கீழ்ப் பக்கத்துக்கு நீல நாடா. கேமராவில் வண்ணக் கண்ணாடி போட்டு ஒரு நிறத்தை மறைத்து மற்றதை எடுப்பார்கள். அறை கொஞ்சம் சூடானால் நாடா நகரும். ஒரு கோட்டை மாற்றவேண்டும் என்றால் பக்கத்தில் உள்ள பத்துக் கோடுகளை உரிக்கவேண்டும்.

1960களில் கெர்பரின் ஃபோட்டோபிளாட்டர் இந்த மேசையை இருட்டறைக்குள் தள்ளியது. கிடையாக விரித்த ஃபிலிம், அதன்மேல் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகரும் ஒளித்தலை. தலைக்குள் ஒரு சக்கரம். அதில் 24 ஓட்டைகள். ஒன்று வட்டம், ஒன்று சதுரம், ஒன்று சின்னது, ஒன்று பெரியது. விளக்கு அந்த ஓட்டை வழியே ஃபிலிமில் விழும். நின்ற இடத்தில் ஒரு முறை மின்னி அணைந்தால் வட்டமோ சதுரமோ பதியும். அது பாகத்தின் கால் உட்காரும் இடம், பேட். எரிந்தபடியே நகர்ந்தால் கோடு பதியும். அது மின்சாரம் ஓடும் பாதை.

இந்தத் தலைக்குக் கட்டளை சொல்லும் மொழிதான் கெர்பர் கோப்பு. அது பலகைக்காகப் பிறந்ததுகூட அல்ல. கடைசல், துளையிடும் இயந்திரங்களை ஓட்டுவதற்காக அமெரிக்க மின்னணுத் தொழில் சங்கம் வகுத்த ஆர்.எஸ். 274 டி தரத்தின் ஒரு பகுதி. 1980ல் கெர்பர் கம்பெனி அதை ஒரு கையேடாக வெளியிட்டது. சொற்கள் மிகக் கொஞ்சம். டி01 என்றால் விளக்கை எரியவிட்டு நகர். டி02 என்றால் அணைத்துவிட்டு நகர். டி03 என்றால் நின்று மின்னு. டி10 முதல் வருபவை எல்லாம் சக்கரத்தின் ஓட்டை எண்கள். "எக்ஸ்1500 ஒய்2000 டி03" என்று ஒரு வரி வந்தால், குறுக்கே 1500, நெடுக்கே 2000 என்ற இடத்துக்குப் போய் ஒரு மின்னல் அடி என்று பொருள். அவ்வளவுதான். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுக்கலாம்.

ஆனால் அந்த வரியை மறுபடி படியுங்கள். 1500 என்ன? அங்குலமா, மில்லிமீட்டரா? புள்ளி எங்கே? டி10 ஓட்டை வட்டமா சதுரமா, எவ்வளவு அகலம்?

கோப்பில் பதில் இல்லை.

பதில் எல்லாம் தனியாக ஒரு காகிதத்தில் இருந்தது. அப்பெர்ச்சர் பட்டியல் என்று பெயர். டி10 வட்டம், 60 மில். டி11 சதுரம், 50 மில். டி12 வட்டம், 12 மில். (மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதை மில்லிமீட்டர் என்று படித்து மாட்டிக்கொண்ட புதுப் பையன்கள் எல்லாத் தொழிற்சாலையிலும் உண்டு.) சொந்தக் கம்பெனிக்குள் சொந்த இயந்திரம் வைத்திருந்தவரை இது ஒரு குறையாகவே தெரியவில்லை. எந்த ஓட்டையில் என்ன இருக்கிறது என்று இயந்திரத்தை ஓட்டுபவருக்குத் தெரியும். வடிவமைப்பு ஒரு நாட்டிலும் உற்பத்தி இன்னொரு நாட்டிலும் என்று ஆனபோதுதான் வினை வந்தது. கோப்பு பதிந்த டேப் வந்து சேரும். காகிதம் வராது. வந்தாலும் போன மாதத்துப் பட்டியலாக இருக்கும்.

1980களில் சக்கரம் போய் லேசர் பிளாட்டர் வந்தது. 24 ஓட்டைக் கட்டுப்பாடு ஒழிந்தது. உற்பத்தி மென்பொருளும் வந்தது, கேம் என்பார்கள். வாடிக்கையாளரின் கோப்பை அதில் ஏற்றி, சரிபார்த்து, தொழிற்சாலைக்கு ஏற்ப மாற்றி அனுப்பும் மேசைதான் கேம் மேசை. காகிதம் மட்டும் ஒழியவில்லை. யாரோ ஒருவர் அந்தப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு வரியாகக் கைப்பட அடிக்கவேண்டும். ஒவ்வொரு வடிவமைப்பு மென்பொருளும் பட்டியலைத் தன் இஷ்டத்துக்கு அச்சடித்ததால், அதைத் தானே படிக்கும் வசதியை கேம் மென்பொருள்காரர்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதவேண்டியிருந்தது.

காகிதமே இல்லாவிட்டால்? இங்கேதான் கேம் மேசைக்காரர்களின் கைத்திறமை. முதலில் திரையில் ஒரு ஐ.சி.யின் கால்களைத் தேடுவார்கள், இரண்டு வரிசையாக நிற்கும் பழைய வகை ஐ.சி. அதில் ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் இடையே அங்குலத்தில் பத்தில் ஒன்று, அதாவது 2.54 மில்லிமீட்டர். உலகம் முழுக்க அதே அளவு. திரையில் அளந்து பார்ப்பார்கள். ஓர் அங்குலம் என்று காட்டினால் புள்ளி ஓர் இடம் தள்ளியிருக்கிறது. 0.1 மில்லிமீட்டர் என்று காட்டினால் அங்குலக் கோப்பை மில்லிமீட்டராக ஏற்றிவிட்டோம். பிறகு ஓட்டை எண்கள். மின்னுவதற்கு மட்டும் பயன்பட்ட எண் என்றால் அது பேட்; நகர்வதற்குப் பயன்பட்டால் அது கோடு. துளைக் கோப்பில் 40 மில் துளை இருக்கிறதென்றால், அதைச் சுற்றியுள்ள பேட் அதைவிடப் பெரிதாக இருந்தே ஆகவேண்டும். துப்பறியும் வேலைதான், ஆனால் மாதச் சம்பளத்துக்கு.

இதில் உச்சக்கட்டக் குழப்பம் சுழியத்தில் இருக்கிறது. டேப்பின் நீளத்தை மிச்சம்பிடிக்க, எண்ணின் முன்னால் வரும் சுழியங்களையோ பின்னால் வரும் சுழியங்களையோ விட்டுவிடுவது வழக்கம். புள்ளிக்கு முன் இரண்டு இலக்கம், பின் மூன்று இலக்கம் என்று வைத்துக்கொள்வோம். 1500 என்று வந்தது. முன்சுழியம் விடுபட்டது என்று எடுத்துக்கொண்டால் அது 01500, அதாவது 1.5 அங்குலம். பின்சுழியம் விடுபட்டது என்று எடுத்துக்கொண்டால் 15000, அதாவது 15 அங்குலம்.

துளையிடும் இயந்திரத்துக்குத் தனிக் கோப்பு. கலிபோர்னியாவின் எக்ஸலான் கம்பெனி வகுத்த வடிவம் அது. அதிலும் சுழியத்தைச் சொல்ல ஒரு குறி உண்டு, கெர்பரிலும் உண்டு. இரண்டிலும் அதே ஆங்கில எழுத்து, எல். கெர்பரில் எல் என்றால் முன்சுழியங்களை விட்டுவிட்டேன் என்று பொருள். எக்ஸலானில் எல்.இசட். என்றால் முன்சுழியங்களை வைத்திருக்கிறேன் என்று பொருள். நேர் எதிர். செம்புக் கோடுகள் ஒரு கைக்குட்டை அளவில் திரையில் நிற்க, துளைகள் எங்கோ மூலையில் சிதறிக் கிடக்கும் காட்சியைப் பார்க்காத கேம் ஊழியர் இருக்க முடியாது. இந்த இரண்டு வடிவங்களையும் வகுத்தவர்கள் ஒரு முறையாவது ஒரே அறையில் உட்கார்ந்து பேசியிருக்கலாம்.

இவ்வளவு பெரிய தவறு கண்ணுக்குத் தெரியும், பிழைத்துக்கொள்ளலாம். ஆளைக் கவிழ்ப்பவை சின்னத் தவறுகள். 12 மில் கோட்டை 8 மில் என்று அடித்துவிட்டால் திரையில் எல்லாம் அழகாகவே இருக்கும். பலகை வெந்து வந்தபின்தான் கோடு மெலிந்திருப்பது தெரியும். ஏன், தொழிற்சாலையில் மின்சோதனை கிடையாதா? உண்டு. ஆனால் அது கோட்டின் அகலத்தைப் பார்க்காது, இணைப்பை மட்டும்தான் பார்க்கும். அதிலும், எந்தப் புள்ளியோடு எந்தப் புள்ளி இணையவேண்டும் என்ற பட்டியலை, பல இடங்களில் அதே கெர்பர் கோப்பிலிருந்துதான் எடுத்தார்கள். மாணவன் எழுதிய விடையை வைத்தே அவன் தாளைத் திருத்தினால் நூற்றுக்கு நூறுதானே! வடிவமைப்பு மென்பொருளிலிருந்து நேராக வரும் இணைப்புப் பட்டியலோடு ஒப்பிட்டால்தான், விட்டுப்போன இணைப்புகளின், தவறாக ஒட்டிய இணைப்புகளின் குட்டாவது வெளிப்படும். ஐ.பி.சி. டி 356 என்ற தரம் அதற்காகவே இருக்கிறது. அனுப்புங்கள் என்று கேட்டால் பல வாடிக்கையாளர்கள் இன்றும் விழிக்கிறார்கள்.

இதையெல்லாம் கெர்பர் பார்த்துக்கொண்டிருந்தாரா? அவர் கவனம் வேறு எங்கோ போய்விட்டது. துணி வெட்டும் இயந்திரம், விளம்பரப் பலகை எழுத்து வெட்டும் இயந்திரம், கண்ணாடி வில்லை செதுக்கும் இயந்திரம் என்று ஓடிக்கொண்டிருந்தார். 1996 ஆகஸ்டில் ஹார்ட்ஃபர்டில் இறந்தார். ஃபோட்டோபிளாட்டர் பிரிவை பெல்ஜியத்தின் பார்க்கோ வாங்கியது. காகிதத்தை ஒழிக்கும் வேலை அந்நாட்டின் கெண்ட் நகரத்துக் கைக்கு வந்தது.

1998 செப்டம்பரில் ஆர்.எஸ். 274 எக்ஸ் கையேடு வெளியானது. அதற்கு முன்பே ஆளுக்கொரு விதமாகச் சேர்த்துக்கொண்டிருந்த துணைக் கட்டளைகளை ஒன்றாக்கி, ஓட்டைகளின் வடிவம், அளவு, அங்குலமா மில்லிமீட்டரா, புள்ளி எங்கே, சுழியம் எப்படி என்று எல்லாவற்றையும் கோப்பின் தலையிலேயே எழுதச் சொன்னது. சக்கரமே இல்லாத காலத்தில் சக்கரப் பட்டியல் ஒருவழியாகக் கோப்புக்குள் நுழைந்தது.

பிரச்சினை தீர்ந்ததா? பாதி. எட்டு அடுக்குப் பலகைக்கு எட்டுச் செம்புக் கோப்புகள் வரும். எது மேலே, எது இரண்டாவது, எது அடியில்? கோப்பு சொல்லாது; கோப்பின் பெயரைப் பார்த்து ஊகிக்கவேண்டும், அல்லது கூடவே வரும் ஒரு குறிப்பைப் படிக்கவேண்டும். பழைய காகிதம் இப்போது ரீட்மீ என்ற பெயரில் உயிரோடு இருந்தது. இரண்டாம் அடுக்கும் மூன்றாம் அடுக்கும் இடம் மாறினால், வேகமான சமிக்ஞை ஓடும் பலகை வேலை செய்வதுபோலவே இருந்து அவ்வப்போது காலை வாரும். கீழ்ப் பக்கச் செம்பில் எழுதிய எழுத்து, கோப்பில் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பித்தான் இருக்கவேண்டும். நல்லது செய்வதாக நினைத்து யாராவது அதை நேராக்கி அனுப்பினால், ஐ.சி.யின் கால்கள் இடம் வலமாக மாறிப்போகும். பல அடுக்குகளில் சின்னதாக ஓர் எழுத்தையோ எண்ணையோ செம்பிலேயே போட்டுவைப்பது இதற்குத்தான். அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

பார்க்கோவின் அந்தப் பிரிவு யூகேம்கோ என்ற தனிக் கம்பெனியாகி, 2014ல் எக்ஸ்2 என்ற பதிப்பைக் கொண்டுவந்தது. இது மேல் செம்பு, இது சாலிடர் மாஸ்க், இது பேட், இது வெறும் துளை என்று கோப்பே தன்னைப்பற்றிச் சொல்லிக்கொள்ளும். அதே ஆண்டில், காகிதத்தோடு வரும் பழைய 1980 வடிவம் இனிச் செல்லாது என்றும் அறிவித்தார்கள். 2020ல் எக்ஸ்3, பாகங்களின் விவரத்தையும் சேர்த்தது.

வடிவம் இவ்வளவு ஓட்டையாக இருந்தும் உலகம் ஏன் அதைவிட்டு நகரவில்லை என்று கேட்பீர்கள். யாரும் காசு கேட்கவில்லை என்பது ஒரு காரணம். நோட்பேடில் திறந்தால் கண்ணாலேயே படிக்கலாம் என்பது இன்னொன்று. எனக்குப் படும் பெரிய காரணம் வேறு. கெர்பர் கோப்பு படத்தை மட்டும்தான் தருகிறது. அந்தச் சுற்று என்ன வேலை செய்கிறது என்று சொல்லாது. தன் வடிவமைப்பை வெளிநாட்டுத் தொழிற்சாலைக்கு அனுப்பும் முதலாளிக்கு அது குறை அல்ல, பாதுகாப்பு. குறைவாகச் சொல்லும் தூதனைத்தான் சந்தேகப் பிராணிகள் விரும்புவார்கள்.

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் பலகையில் பாகங்களைப் பொருத்தும் தொழிற்சாலைகளுக்கும் அந்தத் தூதன் வந்தான். சாலிடர் பசை தடவும் எஃகு ஸ்டென்சிலை வெட்டுவதற்கும் கெர்பர் கோப்பில் ஓர் அடுக்கு உண்டு. கையால் பாகம் செருகிய இடத்தில் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் பாகம் வைக்கும் இயந்திரங்கள் வந்தன. அவற்றுக்கு எந்தப் பாகம், எந்த இடம், எத்தனை பாகை திருப்பம் என்று இன்னொரு பட்டியல். இன்று மலேசியாவின் ஏற்றுமதியில் ஏறத்தாழ 40 விழுக்காடு மின்சார, மின்னணுப் பொருள்கள். காப்பார் தோட்டத்துப் பெண்ணின் மகள் இப்போது கேம் மேசையில் உட்கார்ந்து அங்குலமா மில்லிமீட்டரா என்று வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்கலாம். இன்னொரு விசித்திரமும் உண்டு. ஐஸ்லரையும் கெர்பரையும் இழந்த ஆஸ்திரியாவிலிருந்து ஏ.டி. அண்ட் எஸ். என்ற கம்பெனி, சிப்புகளுக்கு அடியில் வைக்கும் நுண்பலகைகளைச் செய்ய 2024 ஜனவரியில் கெடாவின் கூலிமில் தொழிற்சாலை திறந்தது.

கதை இத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் கெண்ட் நகரத்தார் காகிதத்தைக் கோப்புக்குள் நுழைக்கப் போராடிக்கொண்டிருந்த அதே 1990களில், இஸ்ரேலின் யாவ்னே நகரில் வேலோர் என்ற சிறு கம்பெனி (நம் வேலூருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை) முற்றிலும் வேறு ஒன்றைச் சொன்னது. படம் அனுப்பாதீர்கள், அடுக்கு, துளை, பாகம், இணைப்பு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக, ஒரு தரவுத்தளமாக அனுப்புங்கள் என்றது. ஓ.டி.பி. பிளஸ் பிளஸ் என்று அதற்குப் பெயர். தொழிற்சாலைகள் அதை விரும்பத் தொடங்கின. வடிவமைப்பு மென்பொருள் கம்பெனிகளும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கெர்பருக்கு முடிவுகாலம் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

அப்போதுதான், 2010ல், வேலோரை மெண்டார் கிராஃபிக்ஸ் விலைக்கு வாங்கியது. மெண்டாரும் வடிவமைப்பு மென்பொருள் விற்கும் கம்பெனி. அதாவது, அதுவரை எல்லாருக்கும் பொதுவாக இருந்த மூட்டையின் கயிறு ஒரே இரவில் ஒரு போட்டியாளரின் கைக்குப் போனது. மற்ற கம்பெனிகள் என்ன செய்தன? மறு ஆண்டே அவர்கள் கூடி எடுத்த முடிவு என்ன? அடுத்த வாரம் சொல்கிறேன்.

(தொடரும்)